கையெழுத்து மட்டும் போடாதே

புதிதாகக் கோட்டு மாட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி கோர்ட் வாசலில் நிற்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நான் கோட்டைக் கழற்றிவிட்டேன். முழங்கால் இரண்டும் போய்விட்டது, அதனால் கழற்றினேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது. இனிமேல் எந்த நீதிபதி முன்னாலும் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஆகவே கொஞ்சம் கரடுமுரடாகத்தான் பேசுவேன். பிடிக்காதவர்கள் எழுந்து போய் டீ குடியுங்கள்.

உங்களில் பலர் இப்போது கிரெடிட் கார்டு வழக்குகள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். கடனை வசூலிக்கிற கம்பெனி பக்கம் எடுத்தால் சுலபமான சோறு. வழக்குகள் கட்டுக் கட்டாக வரும். எல்லாவற்றிலும் ஒரே வாசகம், பெயர் மட்டும் வேறு. எதிராளி பெரும்பாலும் வரமாட்டான். அவன் இல்லாமலே தீர்ப்பு வாங்கிக்கொண்டு பீஸை வாங்கிப் பையில் போடலாம். கடன்காரன் பக்கம் எடுத்தால் தலைவலி. அவன் பீஸும் தரமாட்டான், உண்மையையும் பாதிதான் சொல்வான், நடுவில் உங்களிடம் சொல்லாமல் போய் எதிலாவது கையெழுத்துப் போட்டுவிட்டு வருவான். இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றித்தான் பேச வந்தேன்.

முதலில் இது என்ன வியாபாரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாங்கி ஒருவனுக்குக் கார்டு கொடுக்கிறது. அவன் செலவு பண்ணுகிறான், கொஞ்ச நாள் கட்டுகிறான், வேலை போகிறது, நிறுத்திவிடுகிறான். பாங்கி துரத்திப் பார்க்கிறது. முடியாதபோது, அந்தக் கணக்கை அதே மாதிரியான வேறு கணக்குகளோடு மூட்டையாகக் கட்டி, அடிமாட்டு விலைக்கு ஒரு கம்பெனிக்குத் தள்ளிவிடுகிறது. அந்தக் கம்பெனி எல்லா வட்டியையும் ஏற்றி, முழுத்தொகையும் வேண்டும் என்று வழக்குப் போடுகிறது.

ஆனால் கடனுக்கும் ஆயுசு உண்டு. கடைசியாகப் பணம் கட்டியதிலிருந்து, அல்லது கடைசியாக எழுத்தில் ஒத்துக்கொண்டதிலிருந்து மூன்று வருஷம் தாண்டினால் கோர்ட்டில் வசூலிக்க முடியாது. இவர்கள் மூட்டையில் வாங்குவதில் பாதி அப்படிச் செத்துப்போன கடன்தான். செத்ததை எழுப்ப ஒரே வழிதான் இருக்கிறது. கடன்காரன் தன் கையால் ‘நான் தருகிறேன்’ என்று எழுதி ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு அலைகிறார்கள்.

இப்போது அண்ணாமலை கதை.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அண்ணாமலை இளவயதில் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். சம்பளம் போட்ட பாங்கியே கார்டையும் அவன் கையில் திணித்தது. பெண்டாட்டி செல்லி பிரசவத்தில் சிக்கலாகி, ஓசூர் தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கார்டைத் தேய்த்தான். பிறகு கம்பெனி மூடியது. மலைக்குத் திரும்பிவிட்டான். எப்படியோ ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கி, ஊர்க்காரர்களின் மரவள்ளி, சாமை, புளி எல்லாவற்றையும் கீழே கள்ளக்குறிச்சிக்கு ஏற்றி வந்து பிழைத்துக்கொண்டிருந்தான். வருஷங்கள் கழித்து, அவன் பெயரே கேட்டிராத ஒரு கம்பெனி அவன் மேல் வழக்குப் போட்டது. தீர்ப்பு வரும் முன்பே அந்த வண்டியை ஜப்தி பண்ண வேண்டும் என்று ஒரு மனுவும் சேர்த்துப் போட்டது.

சம்மனைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி என் எதிரில் நின்றான்.

“உக்காருய்யா.”

“இருக்கட்டும்மா.”

“கடைசியா எப்ப பணம் கட்டின?”

“கம்பெனி மூடறதுக்கு மின்ன கட்டினது. எம் பொண்ணு அப்ப தவழ்ந்துக்கினு இருந்தா. இப்ப நாலாவது படிக்கிறா.”

“அதுக்கப்புறம் எதுனா எழுதிக் குடுத்தியா? கையெழுத்து?”

“இல்லீங்க.”

“அப்ப வழக்கு நிக்காது. காலம் தாண்டிடுச்சு.”

அவன் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். “அது இன்னாம்மா,” என்றான், “புளிச்சுப்போன மாவு மாதிரி கடனுமா கெட்டுப் போவும்?”

“கோர்ட்டைப் பொறுத்தவரைக்கும் போவும்.”

“நான் வாங்கினது வாங்கினதுதானே? எப்படிம்மா இல்லைன்னு வாயால சொல்றது?”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றேன். நீ சும்மா இருந்தா போதும்.”

தலையாட்டிவிட்டுப் போனான். பதில் மனுவைத் தாக்கல் செய்தேன். கம்பெனி வக்கீல் அதைப் படித்ததுமே வழக்கில் உயிர் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர்களும் சும்மா இருக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள். நான் கோர்ட்டில் வேறு வழக்குக்காகக் காத்திருக்கிறேன். செல்லியிடமிருந்து போன். காற்று அடிக்கிற சத்தத்துக்கு நடுவில் கத்துகிறாள். மேட்டில் ஏறி நின்றால்தான் அங்கே சிக்னல் கிடைக்கும்.

“வக்கீலம்மா! அந்த கம்பெனிக்காரன் பிரபு வந்துகீறான். ஊர்க்கூட்டத்துல இவர நிக்க வெச்சு கேட்டான். இவரு ஆமா பாக்கி இருக்குதுன்னு சொல்ட்டாரு!”

“சொன்னா சொல்லட்டும். கையெழுத்து போட்டானா?”

“இன்னும் போடலைங்க. சோறு தின்னுட்டு போடச் சொல்லிக்கீறாங்க.”

“போன அவன்கிட்ட குடு.”

“கூட்டத்துல இருக்காரும்மா, நான் கூப்ட முடியாது.”

லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டேன். போகவில்லை.

இங்கே அந்த ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. ஆடித் திருவிழாவுக்கு முன் ஊர் கூடி வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வாங்குவார்கள். ஒவ்வொரு வீட்டு வரியை வாங்கும் முன்னும் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர், “இந்த வூட்டு மேல யாருக்காவது வழக்கு உண்டா?” என்று கேட்பார். யாராவது உண்டு என்றால் அதை அங்கேயே தீர்க்க வேண்டும். தீராவிட்டால் அந்த வீட்டு வரியை வாங்கமாட்டார்கள். வரி வாங்காத வீட்டுக்கு யாரும் நல்லது கெட்டதுக்குப் போகமாட்டார்கள். அண்ணாமலை விஷயத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவன் வண்டியில் யாரும் மூட்டை ஏற்றமாட்டார்கள்.

கம்பெனிக்கு வசூல் பண்ணித் தரும் சின்னசேலத்துப் பையன் பிரபு இதை எப்படியோ தெரிந்துவைத்திருந்தான். அண்ணாமலையின் பங்காளி ஒருவனைப் பிடித்துக்கொண்டு, சரியாக அந்த நாளில் மேலே ஏறியிருக்கிறான். கோர்ட்டில் கிடைக்காததை ஊரில் வாங்கிவிடலாம் என்ற கணக்கு. அவன் கொண்டு போனது சமரச மனு. அதில் கையெழுத்து விழுந்தால் அடுத்த வாய்தாவில் அப்படியே தீர்ப்பாகிவிடும். வட்டியோடு சேர்த்து முழுத்தொகை. வண்டி போய்விடும், அதற்குமேல் நிலத்தையும் கேட்பார்கள். போடாவிட்டால் ஊர் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அண்ணாமலைக்குப் பிழைப்பு இல்லை.

என் வழக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து வாய்தா வாங்கச் சொல்லிவிட்டு, ஒரு வாடகைக் காரைப் பிடித்தேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைவு வளைவாக ஏறும்போது என் போனில் இருந்த கடைசிக் கோடும் அணைந்தது. இனி அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் நேரில்தான். டிரைவரை விரட்டினேன். அவர், “வண்டி கவுந்தா கேஸ் உங்களுக்குத்தான் வரும்” என்றார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

போய்ச் சேர்ந்தபோது சாப்பாடு முடிந்து திரும்பக் கூடிக்கொண்டிருந்தார்கள். கோயில் முன்னால் பந்தல். ஆண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஓரமாக நின்றார்கள். நடுவில் பாய். பாய் மேல் அந்த மனு, பறக்காமல் இருக்க அதன் மேல் பிரபுவின் போன். பக்கத்தில் பேனா. பிரபு ஊர்க்கவுண்டருக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, “வெத்தல போடுங்க தாத்தா” என்று கொட்டைப்பாக்கு நீட்டிக்கொண்டிருந்தான். அப்போதே எனக்குக் கை துறுதுறுத்தது.

“நான் அண்ணாமலையோட வக்கீல். ஒரு வார்த்தை பேசணும்” என்றேன்.

ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். “வாங்கம்மா. வெயில்ல ஏறி வந்துகீறீங்க, உக்காருங்க. ஆனா பேச இன்னா இருக்குது? வழக்கு இருந்தாத்தானே வக்கீலு? அவந்தான் ஒத்துக்கினானே.”

“கேஸ் கோர்ட்டுல இருக்குதுங்க. என்னை விட்டுட்டு இவர் நேரா...”

“கேஸு கீழ. இது மேல.” அவ்வளவுதான். கூட்டத்தில் யாரோ, “கோட்டு போட்டுக்கினு வந்துட்டா ஆச்சா” என்றார்கள். சிரிப்பு.

உட்கார்ந்தேன். பிள்ளைகளே, இந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். எழுந்து சட்டத்தை எடுத்து வீசத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மூன்று வருஷம் தாண்டிவிட்டது, இவன் ஒரு காசும் தர வேண்டியதில்லை என்று கத்தலாம். கத்தியிருந்தால் அந்த நிமிஷமே அண்ணாமலை கதை முடிந்திருக்கும். ஊர் நடுவில் ஒத்துக்கொண்ட கடனைக் கோர்ட் சட்டத்தைக் காட்டி ஏய்க்கிறான் என்று எழுதாத தீர்ப்பு விழுந்திருக்கும். பிரபுவை மிரட்டலாம், பார் கவுன்சில், போலீஸ் என்று. பட்டணத்துக்காரி வந்து மிரட்டுகிறாள் என்று ஊரே அவன் பக்கம் சாய்ந்திருக்கும். பேப்பரைப் பிடுங்கிக் கிழிக்கலாம். அவன் பையில் இன்னொரு பிரதி இருந்தது, நுனி வெளியே தெரிந்தது.

அதனால் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரோ ஒருவருடைய ஆடு மேய்ந்த வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஊர்க்கவுண்டர் ஒருவனைக் கேட்டார், அவன் சொன்னான், முடிந்தது. அடுத்தவனைக் கேட்டார், அவனும் சொன்னான், முடிந்தது. சாட்சி கிடையாது, எழுத்து கிடையாது. பாயில் கிடந்த அந்த மனுவை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அண்ணாமலைக்கும் அப்படித்தான். அவன் வாயால் சொல்லிவிட்டான், பெரிய வேலை முடிந்தது, கையெழுத்து என்பது பிரபு ஊருக்குப் போகும்போது கேட்கிற ஒரு சின்ன உபகாரம். கோர்ட்டில் எல்லாமே தலைகீழ். அங்கே அவன் வாயால் சொன்னதற்குப் பைசா மதிப்பில்லை. காகிதத்தில் ஒரு கோடு கிழித்தால் தலை போய்விடும். அந்த ஊர் ஆட்களைத் தவிர வேறு யாரும் இவ்வளவு அலட்சியமாகப் பேனாவை எடுக்கமாட்டார்கள்.

ஆடு வழக்கு முடியப் போகிறது. அடுத்தது நாங்கள்தான். தண்ணீர் கேட்டேன். செல்லி எடுத்து வருவாள் என்று நினைத்தேன். அண்ணாமலையே சொம்போடு வந்து குனிந்தான். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்.

“சொன்னத மாத்தாத,” என்றேன் மெல்ல. “நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். கையெழுத்து மட்டும் போடாத. எதுக்குக் கையெழுத்துன்னு ஊரைக் கேளு.”

“இன்னாம்மா?”

“நான் வாயால சொன்னது பத்தாதான்னு கேளு. அவனைக் கேக்காத. ஊரைக் கேளு.”

அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. சொம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

“அண்ணாமலை,” என்றார் ஊர்க்கவுண்டர். “உன் விஷயத்த முடிச்சுடு. தம்பி மலை எறங்கணும்.”

பிரபு போனை எடுத்துக்கொண்டு பேப்பரை நீட்டினான். எந்த இடத்தில் போட வேண்டும் என்று விரலால் காட்டினான். அண்ணாமலை உட்கார்ந்தான். பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான். பேனா முனை பேப்பருக்கு மேலே நின்றது. நின்றபடியே தலையைத் தூக்கினான்.

“அய்யா, காலையில ஊர் நடுவுல நின்னு பாக்கி இருக்குது, குடுத்துடறேன்னு சொன்னேன்ல?”

“சொன்ன.”

“அது பத்தாதுங்களா?”

ஊர்க்கவுண்டர் வெற்றிலையை மென்றபடி பிரபுவைப் பார்த்தார். “கேக்குறான்ல தம்பி. சொல்லு.”

பிரபு சிரித்தான். “அது ஒரு ஃபார்மாலிட்டி தாத்தா. கம்பெனிக்குக் காட்டணும். வாயால சொன்னா அங்க ஒத்துக்க மாட்டாங்க.”

“யாரு ஒத்துக்க மாட்டாங்க?”

“கம்பெனியில.”

“எங்க ஊரு சொன்னத?”

“அய்யோ, ஊரச் சொல்லல தாத்தா. வீடியோகூட எடுத்து வெச்சிருக்கேன் பாருங்க. ஆனா நாளைக்கே இவரு மாத்திப் பேசிட்டாருன்னா...”

அந்தப் பையன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க விடவில்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். “இன்னாடா சொன்ன? ஊர்ல நின்னு சொல்லிட்டு எவன்டா மாத்திப் பேசிகீறான்?” “வெத்தல பாக்கு குடுத்து நம்மள சந்தேகப்படறான் பாரு.” “வீடியோ வேற புடிச்சானாம், திருடன புடிக்கிறாப்புல.” பெண்கள் பக்கத்திலிருந்தும் சத்தம். அழைத்து வந்த பங்காளி மெதுவாகத் தள்ளி உட்கார்ந்தான்.

ஊர்க்கவுண்டர் கையைத் தூக்கினார். அடங்கியது.

“தம்பி, எழுதித்தான் வாங்குவேன்னா நீ இங்க எதுக்கு வந்த? கோர்ட்டுல கேளு. அங்க எழுத்துதான். ஊர்கிட்ட கேட்டியா, ஊர் சொல்லோட போ. ரெண்டு எடத்துலயும் ஒரே கடன கேக்கக் கூடாது.” பேப்பரைக் காலால் அல்ல, கையால்தான் நகர்த்தினார், ஆனால் பாயைவிட்டு வெளியே நகர்த்தினார். பிறகு அண்ணாமலையைப் பார்த்தார். “நீ சொன்னது சொன்னதுதான். தை அறுப்பு முடியறதுக்குள்ள குடுத்துடணும். அதுவரைக்கும் வரிய வாங்கிக்கறோம். குடுக்கலைன்னா அடுத்த வாட்டி வாங்க மாட்டோம்.”

“சரிங்கய்யா” என்றான் அண்ணாமலை. பேனாவை மூடி, பிரபு கையில் மரியாதையாகக் கொடுத்தான்.

திரும்பும்போது பிரபு பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். “நல்லா வேல பண்ணீங்க மேடம். இந்த மாசம் எனக்கு சம்பளம் பாதிதான்.”

“வேற வேல பாருடா. கிடைக்கலைன்னா வா, நானே தேடித்தரேன்.”

“நீங்க சொல்லுவீங்க.” பைக் கிளம்பியது. அவன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அவனை மலைக்கு அனுப்பிவிட்டு ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல் அதைவிட அதிகம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

கோர்ட்டில் அவர்கள் அந்த வீடியோவைத் தாக்கல் செய்தார்கள். அண்ணாமலை கூண்டில் ஏறினான். முதல் நாளே அவனிடம் சொல்லியிருந்தேன், கேட்டதற்கு உண்மையைச் சொல், கூடுதலாக ஒரு வார்த்தை வேண்டாம் என்று. கம்பெனி வக்கீல் குரலை ஏற்றினார்.

“ஊர்க்கூட்டத்தில் பாக்கி இருக்கிறது என்று சொன்னீர்களா, இல்லையா?”

“சொன்னேங்க.”

“இப்போது இல்லை என்கிறீர்களா?”

“இல்லைங்க. இப்பவும் இருக்குதுன்னுதான் சொல்றேன்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். நான் எழுந்து தடுப்பேன் என்று எதிர்பார்த்தார். பக்கத்தில் இருந்த வக்கீல்கூட என் கையை இடித்தார். நான் அசையவில்லை. நான் எழுந்திருந்தால் அந்த வார்த்தைக்கு மதிப்பு இருக்கிறது என்று நானே நீதிபதிக்குச் சொல்லியதாகிவிடும். சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை. சொல்லட்டும்.

“பிறகு ஏன் கையெழுத்துப் போட மறுத்தீர்கள்?”

“நான் ஊர்கிட்டதாங்க சொன்னேன்.”

அவ்வளவுதான் விசாரணை. எழுத்தில் ஒப்புதல் இல்லை, காலம் தாண்டிவிட்டது, வழக்கு தள்ளுபடி. ஜப்தி மனுவும் அதோடு போயிற்று. வெளியே வந்து அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். “போய் வண்டிய ஓட்டு.”

“தை வரதும்மா,” என்றான்.

“வந்தா?”

“பணம் குடுக்கணுமே.”

நான் கத்தினேன். கோர்ட் வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஜெயித்த கேஸை எடுத்துப்போய்க் காலடியில் வைக்கிறாயா, மடையா என்று திட்டினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “கார்டுல நான் எடுத்தது எவ்ளோன்னு எனக்குத் தெரியும்மா. அத மட்டும் பாங்கில குடுத்துடறேன். வட்டி கிட்டி இல்ல” என்றான். பாங்கிதான் கொடுத்தது, பாங்கியிடம்தான் கொடுப்பேன் என்பது அவன் கணக்கு. மரவள்ளி விற்ற காசைச் சேர்த்துவைத்திருந்தான்.

தை பிறந்து கொஞ்ச நாளில் ஓசூரிலிருந்து போன் வந்தது. “வக்கீலம்மா, இவங்க வாங்க மாட்றாங்க.”

“யாரு?”

“பாங்கிலதான். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு உங்க பேர்ல ஒண்ணும் இல்லையே சார்ங்குது. மேனேஜரு, அது நாங்க வித்துட்டோம், எங்களுக்கு சம்பந்தம் இல்லைங்கறாரு. நான் எடுத்த பணம்மா! நான் வந்து நிக்கறேன், வேணாங்கறாங்க.”

“அப்ப விடு. வூட்டுக்குப் போ.”

“ஊர்ல இன்னான்னு சொல்லட்டும்?”

“நடந்ததச் சொல்லு.”

“நம்புவாங்களா? கடன் குடுத்தவன் காச வேணாம்னு சொன்னான்னா யாரு நம்புவா? நாந்தான் ஏமாத்தறேம்பாங்க.” பிறகு, “நீங்க வந்து சொல்றீங்களா?” என்றான்.

வழக்கு முடிந்துவிட்டது. பீஸில் பாதிதான் வந்திருந்தது. ஆனால் ஆடி மாதத்தில் அவன் காதில் போட்ட வார்த்தை என்னுடையது. அதைக் கொண்டு அவனைக் கோர்ட்டில் காப்பாற்றினேன், அதே வார்த்தையால்தான் அவன் ஊரில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். வழக்கை ஜெயித்ததும் நம் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கட்சிக்காரனுக்கு வழக்கு எங்கே முடிகிறதோ அங்கேதான் நம் வேலையும் முடியும்.

மறுபடி மலை ஏறினேன். அதே கோயில் முன்னால். இந்த முறை ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்து, “சொல்லுங்கம்மா” என்றார்.

சொன்னேன். சட்டம் பேசவில்லை. பாங்கி அவன் கடனை வேறொருவனுக்கு விற்றுவிட்டது. வாங்கியவன் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றான். அண்ணாமலை பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்குப் போய்ப் பாங்கி வாசலில் நின்றான். அவர்கள் வாங்கவில்லை. நடந்தது இதுதான்.

வெகுநேரம் கசகசவென்று பேச்சு. “கடன விக்கிறதுன்னா எப்டி? கடன் இன்னா ஆடா, கோழியா?” என்று ஒருவர் கேட்டார். “எவ்ளோக்கு வித்தாங்கம்மா?” என்று இன்னொருவர். தெரியாது, சொல்லமாட்டார்கள், ஆனால் கடனில் சின்னத் துண்டுக்குத்தான் விற்றிருப்பார்கள் என்றேன். “அந்தத் துண்டுக்கு நம்ம அண்ணாமலைக்கே குடுத்திருக்கலாமே! அவனே வாங்கி முடிச்சிருப்பானே” என்றார் அவர். இந்தத் தொழிலே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல்தான் நடக்கிறது.

அண்ணாமலை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். செல்லி கோயில் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஊர்க்கவுண்டர் அவனைக் கேட்டார். “நீயா போய் நின்னியா?”

“நின்னேங்கய்யா.”

“வாங்கலையா?”

“வாங்கல.”

“அப்ப சரி. குடுத்தவன் இந்த ஊருக்கு வந்து கேட்டா குடு. கேக்காதவன் வாசல்ல போய் இன்னொரு வாட்டி நிக்காத.” அதோடு அவன் விஷயம் முடிந்தது. அடுத்தவனைக் கூப்பிட்டார்.

கீழே இறங்க பஸ் இல்லை. அண்ணாமலை வண்டியிலேயே வரச் சொன்னான். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கிளம்பவில்லை. கிளம்ப விடவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் மரவள்ளி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னால் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. கூட்டத்தில் அன்று கோட்டைக் கிண்டல் பண்ணிச் சிரித்தவனும் ஒரு மூட்டை போட்டான். கடைசியாக ஊர்க்கவுண்டர் வீட்டு மூட்டை இரண்டு வந்தது.

“போதும்டா, டயர் ஒக்காந்துடும்!” என்று அண்ணாமலை இறங்கி ஓடினான்.

“ஒக்காந்தா தள்ளிவிடறோம், ஏத்துடா” என்றார்கள்.